காலாவதிப் புள்ளிகளும் அக்காவின் முழங்காலும்

சென்னையில் ஒரு பெட்ரோல் பங்கில் என் மகன் தன் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதி ஒரு பெட்டிக்குள் போட்ட சீட்டின் விளைவாக, என் அக்கா அறுபத்தெட்டாவது வயதில் காவிரியின் தலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நடுவில் நடந்தவை எல்லாம் விதிமுறைப்படிதான் நடந்தன. ஒரே ஒரு தவறு நேர்ந்தது. அது என்னுடையது.

சீட்டுப் போட்ட மூன்றாம் நாள் மகனுக்குப் போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது, மனைவியோடு நட்சத்திர ஹோட்டலுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். போனான். மலைகளும் ஏரிகளும் ஓடுகிற படத்தை மூன்று மணி நேரம் காட்டினார்கள். பரிசாக ஒரு இஸ்திரிப் பெட்டியையும், பரிசாக அல்லாமல் இருபத்தைந்து வருட விடுமுறை இல்ல உறுப்பினர் பதவியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். கணினிக் கம்பெனிகள் வந்து சம்பளம் கையில் புரண்ட காலம் அது. கேட்ட வாரத்தில் கேட்ட ஊர் கிடைக்கவில்லை என்று புகார் சொல்ல அவன் பிறகு இரண்டு முறை அங்கே போனான். இரண்டு முறையும், அங்கே தங்குவதற்குக் காசுபோலச் செலவாகும் புள்ளிகளைக் கூடுதலாக வாங்கிக்கொண்டு திரும்பினான். மனு கொடுக்க வந்தவன் தலையிலேயே இன்னும் கொஞ்சம் வரியைக் கட்டி, அவனைச் சிரித்த முகத்தோடு அனுப்பி வைக்கும் திறமை, நான் காலமெல்லாம் உழைத்த வருவாய்த் துறைக்குக் கடைசிவரை கைவரவில்லை.

அதற்குள் கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டது. அங்கே அவனுக்கு ஆண்டுக்குப் பத்து நாள் விடுப்பு. அந்தப் பத்து நாளும் தஞ்சாவூருக்கு வந்து எங்கள் ஹாலில் படுத்துத் தூங்குவான். மலையும் ஏரியும் அப்படியே கிடந்தன. புள்ளிகள் மட்டும் ஏறிக்கொண்டே போயின.

“அப்பா, நீங்கதான் ரிட்டயர்டு. ரூல்ஸ் படிக்கிறதுன்னா உங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல். உங்க பேருக்கே மாத்திடறேன்” என்றான்.

மாற்றுவதற்கு ஒரு படிவம் இருந்தது. படிவம் என்று ஒன்று இருந்தால் நான் மறுப்பதில்லை.

கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் விடுமுறை என்ற சொல்லை முதலில் பயன்படுத்தியவன் நான்தான், அதுவும் அரசாங்க வேலையில் சேர்ந்த பிறகு, விண்ணப்பத்தில். தாசில்தாராக ஓய்வு பெற்றபோது எடுக்காத விடுப்பு மலைபோல் இருந்தது. இப்போது மகனின் எடுக்காத விடுப்பும் என் பெயருக்கு வந்து சேர்ந்தது.

விதிப் புத்தகத்தைச் சிவப்புப் பென்சிலோடு மூன்று நாள் படித்தேன். சாரம் இதுதான். வருடத்தை நிறம் நிறமாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஆசை வருகிற மாதங்கள் ஒரு நிறம், அவற்றுக்குப் புள்ளி அதிகம். யாருக்கும் ஆசை வராத மாதங்கள் வேறு நிறம், அவற்றுக்குக் குறைவு. சனி, ஞாயிறு விலை கூடுதல். சின்ன வீடு இரண்டு எடுப்பதைவிடப் பெரிய வீடு ஒன்று எடுப்பது லாபம். எல்லா வீட்டிலும் அடுப்படி உண்டு. செலவழிக்காத புள்ளி இரண்டு வருடம் காத்திருக்கும், அதற்குப் பிறகு ஒரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மகன் சேர்த்த குவியலில் பெரும்பகுதி அடுத்த மார்ச் முப்பத்தொன்றில் போக இருந்தது.

தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய்க்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை. துபாயில் இருக்கும் அவர் மகனும் இதேபோல ஒரு பரிசு வாங்கியிருந்தான்.

“வித்துட முடியாதா சார்?”

“விக்கலாம் பாய். ஆறாம் பிரிவு அனுமதிக்குது. வாங்கறதுக்கு ஆள் தேடித் தர்ற பிரிவுதான் இல்ல.”

“அப்ப என்னதான் பண்றது?”

“முறைத் தண்ணி மாதிரிதான். நம்ம முறை நாள்ல மடையத் திறந்து பாய்ச்சிக்கணும். விட்டா போச்சு.”

“தண்ணின்னா கடலுக்காவது போவும். இது எங்க சார் போவும்?”

“இன்னொருத்தர் ரூமுக்கு.”

பாய் சிறிது யோசித்து, “கடலே தேவலாம்” என்றார். தன் மகனின் புள்ளிகள் போன மார்ச்சில் போய்விட்டதை அப்புறம்தான் சொன்னார்.

ஐப்பசியில் அக்கா முழங்கால் வலியோடு டாக்டரைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் இருப்பது வேதாரண்யம் போகும் வழியில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடை ஊர். முதலில் குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாக்கிக்கொண்ட ஒன்றரை ஏக்கர் அவளுக்கு உண்டு. கணவர் இல்லை. மகன் சிங்கப்பூரில். கூடப் பிறந்த எங்கள் நான்கு பேரில் நான் ஒருவன்தான் காலேஜ் வரை போனேன். நான் பத்தாவது படித்த வருடம் அக்கா யார் யார் வயலில் நடவுக்குப் போனாள் என்பதை இன்றைக்கும் என்னால் சர்வே எண்ணோடு சொல்ல முடியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

டாக்டர் இரண்டு முழங்காலையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஏப்ரல் முதல் வாரத்தில் நாள் கொடுத்தார். வீட்டுக்கு வந்த அக்கா, மேஜையில் கிடந்த விடுமுறை இல்லங்களின் படப் புத்தகத்தைப் புரட்டினாள். பச்சை மலைப் படம் ஒன்றில் நிறுத்தினாள்.

“இது எந்த ஊருடா?”

“குடகு. காவேரி அங்கதான் பொறக்குது.”

“அங்கதான் தலையா?”

“அங்கதான்.”

அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படத்தை மறுபடியும் பார்த்தாள். “எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து, தண்ணி ஏன் வரலன்னா மேல அடைச்சுட்டாங்கன்றாங்க. எவன் அங்க உக்காந்து அடைக்கிறான்னு ஒரு தடவ பாத்துடணும்டா.”

என் மனைவி சிரித்துக்கொண்டே, “ஆபரேஷன் முடியட்டும் அண்ணி. படி ஏற சுகமா இருக்கும். நிதானமா போவலாம்” என்றாள்.

“கத்தி வெச்சப்புறம் அது யாரு காலோ! இது நான் நடவு நட்ட காலு. போனா இதோடதான் போவணும்.”

சொல்லிவிட்டுக் காபி கேட்டாள். அவளைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது. எனக்கு அப்போதுதான் கோப்பு திறந்தது. ஒருபக்கம் மார்ச் முப்பத்தொன்றில் போகிற புள்ளிகள், இன்னொரு பக்கம் ஏப்ரல் முதல் வாரத்தில் போகிற முழங்கால்கள். இரண்டுக்கும் முன்பாக அக்கா குடகுக்குப் போயாக வேண்டும்.

அவள் ஊருக்குத் திரும்பியதும் நாளைத் தேர்ந்தெடுத்தேன். பொங்கல் முடிந்து, தை மூன்றாம் வாரம். அறுவடை ஓய்ந்திருக்கும், பனி இருக்கும், புள்ளி விலையும் நடுத்தரம். இரண்டு படுக்கையறை வீடுகள் இரண்டு, ஏழு இரவு. என் தங்கைகள் இருவர், அக்கா, நாங்கள் இருவர், புள்ளி மிச்சம் இருந்ததால் பாயும் அவர் மனைவியும். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. முதலில் உத்தரவு போடுவது, பிறகு சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் தெரிவிப்பது. எங்கள் துறையின் வழக்கம் அது.

மாட்டுப் பொங்கலன்று அவள் ஊருக்குப் போய் அச்சடித்த உறுதிச்சீட்டை நீட்டினேன். அக்கா அதைக் கையில் வாங்காமல், “என்ன தேதி?” என்றாள். சொன்னேன்.

“வாடா” என்று என்னை வயலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். வரப்பில் நின்று கையை நீட்டினாள். பச்சையாக நின்றது பயிர். கதிர் அப்போதுதான் தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது.

“இத யாரு அறுப்பா? ஒன் கம்ப்யூட்டர் அறுக்குமா?”

“தஞ்சாவூர்ல எல்லாம் அறுப்பு ஆரம்பிச்சுட்டாங்களேக்கா...”

“தஞ்சாவூர்ல! அங்க ஆனியிலயே தண்ணி வாய்க்கால் நெறைய ஓடும். எனக்கு எப்ப வந்துச்சு? ஆவணி பாதியில வந்துச்சு. தலைமடைக் கணக்குல கடைமடைக்கு நாள் குறிச்சிருக்கியே, நீ எந்த ஊர்ல பொறந்த?”

பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்றுகொண்டு இதை நன்றாக அனுபவித்தார். “தாசில்தார் வாள் டவுன்வாசி ஆயிட்டாங்க” என்று எடுத்தும் கொடுத்தார். டெல்டாவில் எத்தனை மதகு, எந்த மதகுக்கு எந்த நாள் முறை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன் நான். சொந்த அக்காவின் பயிருக்கு மட்டும் வயது கேட்க மறந்துவிட்டேன்.

வீடு திரும்பியதும் விதிப் புத்தகத்தைத் திறந்தேன். பதினைந்து நாளுக்கு முன் ரத்து செய்தால் புள்ளி முழுவதும் திரும்பி வரும். பதினாறு நாள் இருந்தது. போன் செய்தேன். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள்.

“ரத்து பண்றதுக்குக் காரணம் சொல்ல முடியுமா சார்?”

“அறுவடை.”

“சார்?”

“ஹார்வெஸ்ட்மா. நெல்லு.”

“சார், அந்த ஆப்ஷன் இதுல இல்ல. மெடிக்கல்னு போட்டுடட்டுமா?”

“பொய் எழுதாதீங்கம்மா. அடியில ‘இதர’ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க.”

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. “ஆமா சார், இருக்கு! நீங்க எங்க கம்பெனியில இருந்தீங்களா சார்?”

“இல்லம்மா. ஆனா எல்லாப் படிவத்துக்கும் அடி ஒண்ணுதான்.”

புள்ளி திரும்பிவிட்டது, ஆனால் காலாவதித் தேதி மாறவில்லை. மார்ச்சில் இடம் கிடைக்குமா என்ற கவலையோடு தேடியபோதுதான் அந்த அதிசயத்தைக் கண்டேன். மார்ச் மாதம் நாடு முழுவதும் விடுமுறை இல்லங்கள் காலியாகக் கிடந்தன. பிள்ளைகளுக்குப் பரீட்சை! பிள்ளை வைத்திருக்கும் ஒருவரும் அந்த மாதம் வீட்டைவிட்டு அசைய மாட்டார்கள். புள்ளி விலை பாதிக்குப் பாதி. பரீட்சை எழுதி முடித்தவர்களுக்கும், எழுதுகிறவர்களைப் பெற்று முடித்தவர்களுக்கும் இறைவன் ஒதுக்கிய மாதம் அது. கையில் நிறையப் புள்ளி வைத்திருந்து வழி தெரியாமல் தவிக்கும் ஓய்வூதியர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை இதுதான்: மார்ச்சில் போங்கள்.

இம்முறை அக்காவைக் கேட்ட பிறகே நாள் குறித்தேன். மார்ச் இரண்டாம் வாரம், ஐந்து இரவு, திங்கள் மாலை தஞ்சாவூரில் ரயில். “அதுக்குள்ள அறுத்து, போட்டு முடிச்சுடலாம்” என்றாள்.

அறுத்து முடித்தாள். போடுவதுதான் முடியவில்லை. அறுவடை மெஷின் வந்து ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனது. ஆனால் அரசுக் கொள்முதல் நிலையத்தில் சாக்கு வரவில்லை. களத்தில் வரிசையாக நெல் குவியல்கள், ஒவ்வொன்றின் மேலும் தார்ப்பாய், ஒவ்வொரு தார்ப்பாயின் பக்கத்திலும் ஒரு ஆள். அக்காவின் குவியல் ஒன்பதாவது. ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது, மிச்சமிருந்த சாக்கில் மூன்றாவது குவியலை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அக்காவை ஓரமாக அழைத்தேன். “மேலாபீஸ்ல இருக்கிறவரு எனக்குக் கீழ கிளார்க்கா இருந்தவருதான். ஒரு போன் பண்ணேன்னா நாளைக்குக் காலையில உன்னோடத எடுத்துடுவாங்க.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையைச் சஸ்பென்ஷன் உத்தரவுகளில்கூட நான் கண்டதில்லை.

“முறைய மீறி மேல இருக்கிறவன் மடைய அடைச்சான்னு நாப்பது வருஷமா ரோட்டுல ஒக்காந்து கத்துனவ நான். இன்னிக்கு எட்டுப் பேரத் தாண்டிப் போயிட்டு, அடுத்த வருஷம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கத்துறது?”

“அப்ப குடகு?”

“நீங்கல்லாம் போய்ட்டு வாங்க. போட்டோ எடுத்துட்டு வா.”

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். சரியாக இருந்த ஓரத்தைத்தான்.

அன்று களத்திலேயே உட்கார்ந்து விதிப் புத்தகத்தை மூன்றாம் முறை படித்தேன். பின்பக்கத்தில், பொடி எழுத்தில் கிடைத்தது. தங்கும் முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்து மூலம் தகவல் தந்தால், உறுப்பினர் பிறகு வந்து சேரலாம், அதுவரை அவர் அனுப்பியவர்களுக்கு வீடு தரப்படும். யாருடைய முறையையும் தாண்டாத வழி. மனைவி, தங்கைகள், பாய் தம்பதி எல்லோரும் திங்களன்று ரயில் ஏறினார்கள். நான் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அக்காவின் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன்.

திங்களன்று சாக்கு வந்தது, ஆனால் ஆள் வரவில்லை. செவ்வாயன்று ஆள் வந்து, ஏழு குவியல் முடிந்ததும் மின்சாரம் போனது. நடுவில் குடகிலிருந்து தங்கை போன் செய்தாள்.

“அக்கா, இங்க தம்போலான்னு ஒரு ஆட்டம். நம்பரு கத்துறாங்க, அடிச்சுக்கிட்டே வரணும். எனக்கு ஷாம்பு விழுந்துச்சு!”

“நான் இங்க அதத்தான் ஆடிக்கிட்டிருக்கேன்” என்றாள் அக்கா. “எட்டாம் நம்பரு ஓடுது.”

புதன் பகல் இரண்டு மணிக்கு ஒன்பதாம் குவியல் எடைத் தராசில் ஏறியது. ஈரப்பதம் பார்க்க வந்தவர் கருவியை எடுப்பதற்குள், அக்கா ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்து, “பதினாறு” என்றாள். கருவியும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. மூன்றரை மணிக்கு வாடகைக் காரில் இருந்தோம். தட்கலில் எடுத்திருந்த டிக்கெட் இரண்டும் என் சட்டைப் பையில் இருந்தன. தஞ்சாவூர் வரும்வரை அக்கா தலைமுடியிலிருந்து நெல் சுணையை எடுத்துக்கொண்டே வந்தாள்.

விடுமுறை இல்லத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தங்கைகள் ஐந்து வருடம் அங்கே குடியிருந்தவர்கள் போல நடந்துகொண்டார்கள். அடுப்படியில் பாயின் மனைவி மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். மூன்று இரவுதான் மிச்சம்.

மறுநாள் காலை, மைக் பிடித்த ஒரு இளைஞன் விருந்தினர்களையெல்லாம் ஒரு வயலுக்கு அழைத்துப் போனான். வயல் என்றால் துண்டு வயல். மார்ச் மாதத்திலும் மோட்டார் வைத்துச் சேறாக்கி வைத்திருந்தார்கள். நாற்று நடும் அனுபவம் என்று அதற்குப் பெயர். அரைக்கால் சட்டை போட்ட பெங்களூர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி நாற்றோடு இறங்கி, கத்திச் சிரித்து, ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

என் தங்கைகளும் அக்காவும் கரையில் நின்றார்கள். மூவரும் ஏழெட்டு வயதில் சேற்றில் இறங்கியவர்கள்.

“காசு குடுத்தா நடுறாங்க?” என்று அக்கா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

“ஆமாக்கா.”

“நம்மூர்ல ஆள் கெடைக்காம மெஷின் வெச்சு நடுறோம். இவங்கள அனுப்பச் சொல்லேன். சாப்பாடு போட்டுடறேன்.”

மைக் பிடித்தவன் அவளைப் பார்த்துவிட்டான். “வாங்கம்மா, ட்ரை பண்ணுங்க! ரொம்ப ஈஸி!” என்றான், அவனுக்குத் தெரிந்த தமிழில்.

தங்கைகள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வலிக்கிற முழங்கால்களை நீட்டி உட்கார்ந்தாள்.

“நான் லீவுல வந்துருக்கேன் தம்பி” என்றாள்.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்து மற்றவர்கள் நடுவதைப் பார்த்தாள். “அந்தச் செவப்புச் சட்ட, குத்து இடைவெளி கூட. அந்தப் பொண்ணு பரவால்ல, வேரு மடங்காம வெக்குது. ஏய், பின்னால போவணும், பின்னால! முன்னால போனா நட்டத மிதிப்பல்ல?” பாயின் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து, வயலைப் பார்த்துக்கொண்டு, டீ குடித்தாள். புள்ளிகளை நன்றாகச் செலவழித்தேன் என்று எனக்குத் தோன்றிய இடம் அதுதான்.

அடுத்த நாள் தலைக்காவேரி. வண்டி நிற்கும் இடத்திலிருந்து படிகள். அக்கா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, பிறகு அடுத்த படி என்று ஏறினாள். கையைக் கொடுத்தேன், தட்டிவிட்டாள். பாயும் அவர் மனைவியும் கீழே ஒரு கடையில் மிளகு விலை விசாரிக்க நின்றுவிட்டார்கள். தங்கைகள் முன்னால் போய் மேலே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேலே ஒரு பெரிய குளம், அதை ஒட்டி ஒரு சின்னத் தொட்டி. பிறப்பிடம் அந்தத் தொட்டிதான் என்றார்கள். எங்கள் ஊர் மாட்டுத் தண்ணீர்த் தொட்டி அதைவிடப் பெரியது. அக்கா குனிந்து பார்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். மதகு இல்லை, ஷட்டர் இல்லை, சாவி வைத்திருக்கும் ஆள் இல்லை. ஒரு பூசாரி மட்டும் இருந்தார்.

“எப்ப தொறப்பாங்கன்னு கேளு” என்று எங்கள் வண்டி ஓட்டுநரிடம் சொன்னாள். அவருக்குத் தமிழ் தெரியும்.

ஓட்டுநர் கன்னடத்தில் கேட்டார். பூசாரி சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“இங்க தொறக்கறது மூடறது ஒண்ணும் இல்லையாம்மா. அதுவா வருதாம், அதுவா போவுதாம்.”

அக்கா மறுபடியும் ஒருமுறை தொட்டியைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏண்டா, இங்க அடைக்கிறவன் யாருமே இல்லியே.”

“இல்லக்கா.”

“அப்ப நடுவுலதான்.”

“நடுவுலதான்.”

“நெனச்சேன்” என்றாள். அறுபது வருட வழக்கு ஒன்றில் தீர்ப்பு வாங்கியவள்போல அவள் முகம் தெளிந்தது. படியில் உட்கார்ந்து, புடவையை லேசாக உயர்த்தி, இரண்டு முழங்காலையும் மாறி மாறித் தட்டிக்கொடுத்தாள். “சரி, வா. இனிமே வெட்டச் சொல்லு.”

ஏப்ரல் முதல் வாரம் வெட்டினார்கள். அதற்குள் என் கணக்கில் புதிய ஆண்டின் புள்ளிகள் ஏறியிருந்தன. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில், நடக்கப் பழக்க வந்த பெண்ணை அக்கா திட்டி முடித்த பிறகு, கட்டிலருகே உட்கார்ந்தேன். அடுத்த மார்ச்சுக்கு வேறு ஊர் பார்க்கலாமா, எந்த வாரம் தோதுப்படும் என்று கேட்டேன்.

“ஜூன்ல தண்ணி தொறக்கட்டும்” என்றாள். “எங்களுக்கு எப்ப வந்து சேருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் நீயா எதுவும் எழுதிப்புடாத.”